உடுப்பு வாங்கியாச்சு

லாம்பிஸைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் நடுநிலையாகச் சொல்லப் போவதில்லை. அவன் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறான். நான் இரண்டாவது மாடி. பெயர் எவந்தியா, தையல் வேலை, என் நாக்கும் ஊசி மாதிரிதான் என்று மாடிப்படியில் பேசிக்கொள்வார்கள்.

லாம்பிஸுக்கு ஏதென்ஸில் மின்வாரியத்துக்காக வீடு வீடாக மீட்டர் பார்க்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "எங்க நேரம் இருக்கு அக்கா? ஊர்ல இருந்து ஆள் வந்துக்கிட்டே இருக்காங்களே" என்பான். அது விளையாட்டுப் பேச்சும் இல்லை. கார்ப்பெனிசி டவுனுக்கு மேலே மலையில் அவன் ஊர். அங்கே யாருக்குக் கண்ணில் பூ விழுந்தாலும், யார் மகன் பட்டாளத்துக்குப் போனாலும், யார் மகள் பரீட்சை எழுத வந்தாலும், இறங்குவது இவன் வீட்டில்தான். கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு இவன் சமையலறையில் சுருண்டு படுப்பான். அவர்கள் ஒரு மூட்டை வால்நட்டும் ஒரு கட்டிப் பாலாடைக்கட்டியும் கொண்டு வருவார்கள். அதிலும் பாதி எனக்கு வந்துவிடும்.

வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டாமல் அனுப்பமாட்டான். காலையில் வெயில் ஏறுமுன் அக்ரோபோலிஸ், அப்புறம் ஒமோனியா சதுக்கத்துப் பக்கத்தில் ஒரு பால்கடையில் பாகு ஊற்றிய பால் பணியாரம், அப்புறம் பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்கிற, பாவாடை கட்டிய காவலர்கள், சாயங்காலம் பிரேயஸ் துறைமுகம். அவனுடைய சித்தப்பா ஒருத்தர், எழுபது வயசு, அதுவரை கடலையே பார்த்ததில்லை. துறைமுகத்தில் நின்று, "இவ்வளவு தண்ணியும் சும்மாவா கெடக்குது?" என்று கேட்டு அழுதாராம். இன்னொருத்தர் அசையாமல் நிற்கிற காவலனுக்கு சிகரெட் நீட்டி, வாங்கவில்லை என்றதும், "பாவம், ஊமை போல" என்று பாக்கெட்டையே அவன் காலடியில் வைத்துவிட்டு வந்தார். இதையெல்லாம் லாம்பிஸ் என்னிடம் சொல்லிச் சிரிப்பான். ஆட்கள் வந்து போன நாட்களில்தான் அவன் முகத்தில் களை இருக்கும்.

அவர்களில் ஸ்டாத்திஸ் ஒரு தனிக் கணக்கு. பத்தொன்பது வயசில் பட்டாளத்துக்கு வந்தவன், லீவு கிடைத்தபோதெல்லாம் இங்கேதான் கிடப்பான். கழுத்து கிழிந்த அவன் சட்டைகளை நான்தான் தைத்தேன். அவன் ஊருக்குப் போய் ஆர்கிரோவைக் கட்டியபோது மாப்பிள்ளைத் தோழன் லாம்பிஸ். பாதிரியார் முன்னால் மணமக்கள் தலையில் கல்யாணக் கிரீடங்களை மாற்றி வைத்தவன் இவன். அன்றிலிருந்து ஸ்டாத்திஸும் ஆர்கிரோவும் இவனை "கும்பாரே" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களில் அது ரத்த உறவுக்குச் சமம். அந்தத் தம்பதியின் முதல் குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்பதும், ஞானஸ்நான உடுப்பு வாங்குவதும், பெயர் வைப்பதும் கிரீடம் மாற்றியவனுடைய உரிமை. பெற்றவர்கள் வந்து, "குழந்தை உங்களோடது" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் வேண்டாம் என்றால்தான் வேறு ஆளைத் தேடலாம். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஞானஸ்நானம் கேட்டு வந்த குழந்தையைத் திருப்பி அனுப்புகிறவனோடு எங்கள் ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள்.

மூன்று வருஷம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆர்கிரோ இங்கே டாக்டரிடம் காட்ட வந்தாள், மாதா மாதம் வந்தாள். ஸ்டாத்திஸுக்கு வேலை, வரமுடியாது. லாம்பிஸ்தான் கூட்டிப் போவான், வாசலில் உட்கார்ந்திருப்பான். அழுதுகொண்டே வெளியே வருகிறவளை வீட்டுக்கு உடனே கூட்டிவர மனசு வராமல் லிக்கபெத்தோஸ் குன்றுக்கோ ஆட்டுத்தலைச் சூப் கடைக்கோ கூட்டிப்போய், அவள் சிரிக்கிறவரை எதையாவது உளறிக்கொண்டிருப்பான். கடைசியில் பெண் பிறந்தது. அன்று எங்கள் கட்டடம் முழுக்க இனிப்புக் கொடுத்தது தகப்பன் இல்லை, லாம்பிஸ்.

மே மாதம் மூன்று பேரும் வந்தார்கள். "ஊரைச் சுத்திப் பாக்கணும், பேபாவுக்கும் காட்டணும், அப்படியே ஞானஸ்நானத்துக்குக் கொஞ்சம் சாமான் வாங்கணும்" என்று ஸ்டாத்திஸ் போனில் சொல்லியிருந்தான். பெயர் வைக்கும்வரை எங்கள் பெண் குழந்தைகள் எல்லோரும் பேபாதான். லாம்பிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. வார்த்தையைச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் சுற்றினார்கள். அக்ரோபோலிஸ் பாறையெல்லாம் குழந்தையை இவனே தூக்கி ஏறினான். வார்த்தை மட்டும் வரவில்லை.

மூன்றாம் நாள், "அக்கா, துணி பாக்க உங்க கண்ணு வேணும், வாங்க" என்று என்னையும் இழுத்துப் போனான். பேராலயத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஞானஸ்நானச் சாமான் கடைகள் வரிசையாக உண்டு. நாங்கள் போன கடையில் கடைக்காரி பூசணிக்காய்க்குக் கை கால் முளைத்த மாதிரி இருப்பாள், வாய் ஓயாது.

"யாரு ஞானத்தந்தை? நீங்களா? பாத்தாலே தெரியுதே, முகத்துல எழுதி ஒட்டியிருக்கு!" என்றாள் லாம்பிஸிடம்.

அவன் காது வரை சிவந்து போனான். ஆர்கிரோ குழந்தையின் தொப்பியைச் சரி செய்தாள். தொப்பி சரியாகத்தான் இருந்தது.

லாம்பிஸ் சின்ன உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "அக்கா, இது எப்படி? கழுத்து குத்துமா?" நான் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். நல்ல பருத்தி, கையால் போட்ட பூவேலை. "இதை எடு" என்றேன்.

"நாங்க பாதாம் மிட்டாய் முடிச்சு மட்டும்தான் பாக்க வந்தோம்" என்றாள் ஆர்கிரோ.

விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற அந்த முடிச்சு பெற்றவர்கள் செலவு. கடைக்காரி ரிப்பன் சுருள்களை எடுத்துப் போட்டாள். "ரிப்பன் உடுப்பு நிறத்துக்குச் சேரணும் பொண்ணு. அப்பத்தான் போட்டோவுல எடுப்பா இருக்கும். ஞானத்தந்தை இந்த வெள்ளையை எடுத்தா, இதோ இந்த..."

"இல்ல, ரோஸ் நிறத்துல குடுங்க" என்றாள் ஆர்கிரோ. "உடுப்பு வாங்கியாச்சு."

கடைக்காரியின் வாய் நின்றுவிட்டது. அந்தப் பொம்பளையின் வாயே நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உடுப்பு வாங்குவது ஞானத்தந்தை. உடுப்பு வாங்கியாச்சு என்றால் ஞானத்தந்தையும் ஆயிற்று. அந்தக் கடையில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்தது. லாம்பிஸ் கையில் இருந்த உடுப்பை மடித்தான். இரண்டு தரம் பிரித்துப் பிரித்து மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

பேராலயத் திடலில் ஸ்டாத்திஸ் சொல்லத் தொடங்கினான். கிளியாந்திஸ் என்று ஒரு கட்டட கான்ட்ராக்டர், மலையில் பெரிய ஓட்டல் கட்டுகிறாராம். இவனை மேஸ்திரி ஆக்கியிருக்கிறாராம். அவர் மனைவிக்குக் குழந்தையைப் பார்த்ததும் தாங்களே ஞானஸ்நானம் செய்து வைக்க ஆசை வந்துவிட்டதாம்.

"அவரு வாய் விட்டுக் கேட்டா நான் எப்படி மாட்டேன்னு சொல்றது, கும்பாரே? நீங்களே சொல்லுங்க."

"என்னை ஏன்டா கேக்கல?"

"உங்ககிட்ட வந்து கேட்டா நீங்க சரின்னு சொல்லிடுவீங்களே!"

இப்படியும் ஒரு பதில் உண்டா? எனக்கு ரத்தம் கொதித்தது. "டேய், உன் கிழிசலை எல்லாம் நான்தான்டா தைச்சேன், இந்த வாயைத் தைக்காம விட்டுட்டேனே" என்றேன். ஆர்கிரோ என்னைப் பார்க்காமல், "அக்கா, இது எங்க குடும்ப விஷயம்" என்றாள். லாம்பிஸ் அவள் குடும்பம் இல்லையாம்.

"ரெண்டு ஞானத்தந்தை நிக்கிற வழக்கமும் உண்டே" என்றேன்.

"அவங்களுக்கு அது பிடிக்கல" என்றான் ஸ்டாத்திஸ். அதையும் முன்னாடியே கேட்டுப் பார்த்திருக்கிறான். அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொன்னான். "ஊர்ல பேசுவாங்க கும்பாரே. கிரீடம் மாத்துனவனைத் தள்ளிட்டு பணக்காரனைப் பிடிச்சுட்டான்னு. பாதிரியாருக்கு ஒரு போன் போட்டு, நீங்களா மனசு உவந்து விட்டுக் கொடுத்ததா சொல்லிட்டீங்கன்னா..."

"அதுக்காகத்தான் வந்தீங்களா?"

"ஊரையும் சுத்திப் பாத்த மாதிரி ஆச்சுல்ல" என்றான் ஸ்டாத்திஸ். அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

லாம்பிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு, "பேபாவுக்குக் காவலர் மாத்துறதைக் காட்டறேன்னு சொல்லியிருந்தேன். வாங்க, நேரமாச்சு" என்று நடந்தான். எனக்கு அவனைப் பிடித்து உலுக்கலாம் போல் இருந்தது. ஆனால் அவன் குழந்தையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் முன்னால் போய், காவலர்களின் குஞ்சம் வைத்த செருப்பு மேலே போய் இறங்குவதைக் கடைசிவரை காட்டினான். குழந்தை சிரித்தது. திருப்பிக் கொடுக்கும்போதுதான் பேசினான்.

"ஸ்டாத்தி, நானா போய் யார்கிட்டயும் புகார் சொல்லமாட்டேன். ஆனா யாராவது கேட்டா, என்னை யாரும் கேக்கலைன்னுதான் சொல்வேன். விட்டுக் கொடுத்தேன்னு சொல்லமாட்டேன்."

"அவ்வளவு பிடிவாதமா?" என்றாள் ஆர்கிரோ. "இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதைக் கூடச் செய்யமாட்டீங்களா?"

இன்னும் இரண்டு நாள் இருப்பதாக வந்தவர்கள் அன்று சாயங்காலமே கிளம்பினார்கள். பெட்டியை பஸ் நிலையம்வரை தூக்கிப் போனதும் அவன்தான். ஞானஸ்நானத்துக்கு அழைப்பு வரவில்லை.

கோடையில் ஊரிலிருந்து யாரும் வரவில்லை. ஆடு மேய்க்கிற காலம், வேலை இருக்கும் என்றான். இலை உதிர்ந்தபோதும் யாரும் வரவில்லை. பரீட்சைக்கு வருவதாக இருந்த ஒரு பெண்ணும் வரவில்லை. லாம்பிஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் என் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட வந்து உட்கார்ந்துவிடுவான். எண்ணெய் போட்டுப் போட்டு என் துணியெல்லாம் கறை.

நவம்பரில் ஒரு நாள் வாரச்சந்தையில் நானும் அவனும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டிருந்தோம். எதிரே கோஸ்தூலா, அவனுடைய சொந்தச் சித்தப்பா மகள், கையில் ஒரு பையோடு நின்றாள். கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி யாரோ தெரிந்தவர் வீட்டில் தங்கியிருக்கிறாள்.

"ஏன் கோஸ்தூலா, என் வீடு எங்க போச்சு?" என்றான் லாம்பிஸ்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பச்சைப் பிள்ளையை வேணாம்னு திருப்பி அனுப்புனவன் வீட்ல நான் எப்படித் தங்குறது? அவங்க உன் வாசல்ல வந்து கேட்டாங்களாமே. செலவு கட்டுப்படியாகாது, வேற ஆளைப் பாருங்கன்னு சொன்னியாமே. தெரியாத மனுசன் இரக்கப்பட்டு ஞானத்தந்தையா நின்னாரு."

"என்னை யாரும் கேக்கல, கோஸ்தூலா."

"நான் கூடவே இருந்தேன்" என்று கத்தினேன். ஆரஞ்சுக்காரன் தராசைக் கீழே வைத்துவிட்டான். "கேக்கவே இல்ல! கடையில வெச்சு மானத்தை வாங்குனாங்க!"

"நீ பக்கத்து வீட்டுக்காரி, அவனுக்குப் பரிஞ்சுதான் பேசுவ" என்றாள் அவள். "ஸ்டாத்திஸ் கோயில்ல, பாதிரியார் முன்னால, குழந்தை தலையில கை வெச்சு சத்தியம் பண்ணுனான். பெத்த தகப்பன் பிள்ளை தலையில அடிச்சுப் பொய் சொல்லுவானா?"

லாம்பிஸ் கையிலிருந்த ஆரஞ்சைக் கூடையிலேயே திரும்ப வைத்தான். நான் என்னென்னவோ சொன்னேன். ஸ்டாத்திஸைத் துரோகி என்றேன், நன்றி கெட்டவன் என்றேன், அந்த ஓட்டல் இடிந்து விழட்டும் என்றேன். லாம்பிஸ் என் மூச்சு தீர்ந்த பிறகு கோஸ்தூலாவிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பேரு என்ன வெச்சாங்க?"

"அது கூடவா தெரியாது? அஸ்பாசியா. கான்ட்ராக்டரோட அம்மா பேரு."

"அஸ்பாசியா" என்று அவன் மெல்லச் சொல்லிப் பார்த்தான். பிறகு பழக்க தோஷத்தில் அவள் பைக்குக் கை நீட்டினான். "கண்ணாஸ்பத்திரிக்குத்தானே போற? வா, பஸ் ஏத்தி விடறேன். ரெண்டு பஸ் மாறணும்."

"எனக்குத் தெரியும்" என்று பையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள். போன திசை தப்பு. லாம்பிஸ் இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கேட்காத மாதிரியே போய்க்கொண்டிருந்தாள்.