ஜன்னலக்கா வெளியே வந்த கதை

பத்தொன்பது வருஷமாக ஒரு மனுஷியின் பாதி உடம்பை மட்டுமே ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள் என்றால், அது ஜன்னலக்காதான். நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அறை. சுவரில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டிய ஜன்னல். அதன் பின்னால் உயரமான முக்காலி. வெளியே நிற்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் ஒரு மூக்குக்கண்ணாடியும் இரண்டு கைகளும்தான். கடைத்தெருவில் ஒருநாள் எதிரே வந்த நோயாளி, "நீங்க இவ்வளவு உயரமா?" என்று கேட்டுவிட்டு வெட்கத்தோடு நகர்ந்துவிட்டாராம். அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார் ஜன்னலக்கா.

வேலையில் படு கறார். சீட்டை வாங்கினால் இரண்டு தடவை படிப்பார், மருந்தை எடுத்தபின் மூன்றாவது தடவை படிப்பார். அத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. இருக்கட்டுமே, எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்? வரிசை வாசல்வரை நிற்கும். ஆளுக்கு அரை நிமிஷம் கிடைத்தால் அதிகம். அந்த அரை நிமிஷத்துக்கு ஏற்றபடி ஒரு வசனம் வைத்திருந்தார்: "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அடுத்தவங்க வாங்க." தூக்கத்தில் எழுப்பினாலும் அதைத்தான் சொல்வார் என்று அவர் கணவர் கிண்டல் செய்வார்.

அந்த வரிசையில் ஆறு வருஷமாக மாதம் தவறாமல் நின்றவர் ஒரு தச்சர். கதவும் நிலையும் செய்கிறவர். நாற்பது வருஷ மரத்தூளும் அதற்குத் துணைபோன சிகரெட்டும் சேர்ந்து அவர் நெஞ்சைக் கெடுத்திருந்தன. மூச்சுக்குழல்கள் சுருங்கிப்போய், பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். முழுக்கக் குணமாகிற வியாதி இல்லை இது. மருந்தை ஒழுங்காகப் போட்டால் மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். டாக்டர் சொன்ன அன்றே சிகரெட்டைத் தூக்கி எறிந்தவர் அவர். அப்படியும் அந்த வருஷம் மட்டும் மூன்று தடவை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தார். வார்டில் முகமூடி மாட்டி மருந்தைப் புகையாகக் கொடுப்பார்கள், தேறிவிடுவார். வீட்டுக்குப் போனால் பழைய குருடி கதவைத் திறடி.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. 'சொன்னபடி மருந்து போடுவதில்லை' என்று தச்சரின் கோப்பில் எழுதினார். அவர் மனைவியிடம், "மழைக்காலம் வருது. நாலாவது தடவ இப்படி வந்தா, திரும்பக் கூட்டிட்டுப் போவீங்கன்னு என்னால சொல்ல முடியாது," என்றார்.

கோப்பில் இருந்ததை ஜன்னலக்காவும் படித்தார். படித்துவிட்டுச் சும்மா இருந்தாரா? ஜன்னல் வழியாகவே ஒரு பிடி பிடித்தார்.

"ஏன் அண்ணே, மருந்து போடுறீங்களா, இல்ல வாங்கிட்டுப் போய் அலமாரியில அடுக்குறீங்களா?"

"ஒரு வேளைகூட தவறல, தங்கச்சி."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. அடுத்தவங்க வாங்க."

தச்சர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அடுத்த மாதம் ஜன்னல் பழுதானது. மழைக்காலத்துக்கு முன்னாலேயே பெய்த ஒரு மழையின் ஈரத்தில் பலகைக் கதவு உப்பி இறுகிக்கொண்டது. அடித்துப் பார்த்தார்கள், உதைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. வேறு வழியில்லாமல் நடைபாதையில் ஒரு மேஜையைப் போட்டு ஜன்னலக்காவை உட்கார வைத்தார்கள். முதல்முறையாக ஆட்களை முழுசாகப் பார்த்தார் அவர். யார் செருப்பைத் தேய்த்து நடக்கிறார்கள், யார் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், எல்லாம் தெரிந்தது.

தச்சரும் மனைவியும் வந்தார்கள். மருந்தை வாங்கியவர் ஓரமாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். சீக்கிரம் கிளம்பிவிட்டதால் காலை மருந்து போடவில்லை போலிருக்கிறது. பொறுப்பான மனிதர், வீடு போகும்வரை தள்ளிப்போடவில்லை. அட்டையிலிருந்து ஒரு கேப்சூலைப் பிதுக்கினார். வாயில் போட்டார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்ட, அண்ணாந்து குடித்தார்.

ஜன்னலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேப்சூல் முழுங்குவதற்கானது இல்லை. அதைச் சின்ன இன்ஹேலர் கருவிக்குள் போட்டு, உடைத்து, உள்ளே இருக்கும் தூளை நெஞ்சுக்குள் உறிஞ்ச வேண்டும். வயிற்றுக்குள் போனால் நுரையீரலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வரிசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

"அண்ணே, எப்பவும் இப்படித்தான் போடுறீங்களா?"

"ஆமா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நீங்க சொன்னதுதானே."

"இதோட ஒரு கருவி குடுத்தேனே?"

"அது பத்திரமா இருக்கு. பெட்டியக்கூட கிழிக்கல." தச்சர் கொஞ்சம் தயங்கினார். "ஆரம்பத்துல ஒருநாள் கேப்சூலைப் பிரிச்சுப் பாத்தேன், தங்கச்சி. உள்ள பூராவும் தூளு. மரத்தூள் போய்த்தான் நெஞ்சு கெட்டுச்சு, இனிமே எந்தத் தூளும் உள்ள போகக் கூடாதுன்னு டாக்டர் அவ்வளவு சொன்னாரு. அப்புறம் தூளைப் போய் எவனாவது உறிஞ்சுவானா? அதான் ஜாக்கிரதையா முழுங்கிட்டேன்."

அந்த மனிதர் சொன்னதில் ஓட்டை எங்கே இருக்கிறது? தூசி ஆகாது என்றார்கள், கேட்டுக்கொண்டார். இரண்டு வேளை என்றார்கள், கேட்டுக்கொண்டார். இந்தத் தூள் வேறு, அந்தத் தூள் வேறு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஆறு வருஷம் அவர் உத்தமமாக மருந்து போட்டிருக்கிறார், அத்தனையும் வயிற்றுக்குள்.

ஜன்னலக்கா பூசி மெழுகவில்லை. நடைபாதையில் அத்தனை பேர் பார்க்க, "தப்பு என்மேலதான், அண்ணே. எப்படிப் போடணும்னு நான் சொல்லவே இல்ல," என்றார். தச்சர், "அட, விடுங்க தங்கச்சி," என்று கையை ஆட்டினார். மனைவி விடவில்லை.

"மூணு தடவ இவரைப் பொணமாத் தூக்கிட்டுப் போறேனோன்னு நெனச்சுக்கிட்டே இந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

"அண்ணி, நான்..."

"என்னை அண்ணின்னு கூப்பிடாதீங்க."

அன்று மதியம் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர், நடந்ததைப் பதிவு செய்ய ஒரு படிவத்தை நீட்டினார். நல்ல மனிதர்தான், ஆனால் வம்பு வேண்டாம் என்று வாழ்கிறவர். "நோயாளி அறிவுரையைப் பின்பற்றலன்னு எழுதிடுங்க, முடிஞ்சுது," என்றார். ஜன்னலக்கா 'மருந்து கொடுத்தவர் விளக்கிச் சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்தொன்பது வருஷப் பெருமையை ஒரே வரியில் தன் கையாலேயே அடித்துவிட்டார். எனக்குத் தெரிந்து இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

ஜன்னலைச் சரிசெய்தார்கள். இவர் உள்ளே போக மறுத்துவிட்டார். "சீட்டைப் பாத்து மருந்து எடுத்து வைக்க வேற ஆள் போடுங்க. நான் மேஜையிலதான் இருப்பேன்." கண்காணிப்பாளர் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் ஒரு மாதம் பார்ப்போம் என்றார். அதற்குள் ஜன்னலக்கா எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்: "வீட்டுல எப்படிப் போடுவீங்களோ, அப்படியே எனக்குப் போட்டுக் காட்டுங்க."

'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். போட்டுக் காட்டச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். முதல் நாள் பதினான்கு பேர், ஒன்பது பேர் தப்பு. ஒருவர் கருவியை வாயில் வைத்து விசில் மாதிரி ஊதினார், தூள் முழுக்க ஜன்னலக்காவின் கண்ணாடியில். தினமும் போட வேண்டியதை மூச்சு முட்டும்போது மட்டும் போட்டு மிச்சம் பிடித்திருந்தார் ஒரு தையல்காரம்மா. யாரையும் அவர் திட்டவில்லை. "தப்பு உங்களுது இல்ல, நாங்க காட்டித் தரல," என்று சொல்லிவிட்டு மறுபடி காட்டுவார். வரிசை நீண்டது. முணுமுணுப்பு வந்தது. ஒருநாள் டாக்டரே எட்டிப் பார்த்து, "இதுல காட்டித் தர என்ன இருக்கு?" என்றார். "நீங்க ஒரு தடவ போட்டுக் காட்டுங்க, சார்," என்று வெறும் கருவியை நீட்டினார் ஜன்னலக்கா. டாக்டர் மூச்சை முழுசாக வெளியே விடாமலே உறிஞ்சினார். வரிசையில் இருந்த தையல்காரம்மா திருத்தினார். அதோடு அந்தப் பக்கத்து எதிர்ப்பு அடங்கியது. தச்சரின் கோப்பில் இருந்த வரியையும் டாக்டர் அடித்துவிட்டார்.

தச்சருக்குக் கற்றுக் கொடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கருவி வாய்க்குப் போனதும் அவர் நெஞ்சு தானாக அடைத்துக்கொள்ளும், நாற்பது வருஷப் பழக்கம். "உளியால குழி வெட்டினா தூசிய ஊதித் தள்ளுவீங்கல்ல, அதுக்கு நேர் எதிரா," என்றார் ஜன்னலக்கா. "மொதல்ல வெளிய ஊதிடுங்க. உதட்டை இறுக்கி மூடுங்க. ஒரே இழுவையா இழுங்க. பத்து எண்ணுறவரைக்கும் பிடிச்சு வைங்க. அப்புறம் வாயைக் கொப்பளிங்க." நான்கு வாரம் ஆனது. மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னலக்காவின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்.

மழைக்காலம் வந்தது. ஒவ்வொரு காலையும் ஜன்னலக்கா வேலைக்கு வந்ததும் முதலில் வார்டுக்குப் போய்ப் புதிதாகச் சேர்ந்தவர்களின் பட்டியலைப் பார்ப்பார். தச்சர் இல்லை என்று தெரிந்தபின்தான் மேஜைக்கு வருவார். மழை ஓய்ந்தது. தச்சர் வார்டுக்கு வரவேயில்லை. மூச்சுப் பரிசோதனைக்குத்தான் வந்தார், மாடிப்படியில் ஒரே ஒரு இடத்தில் நின்று.

பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் நேராகவே சொன்னார். மேலும் கெடவில்லை, நல்ல சேதி. ஆனால் அந்த ஆறு வருஷத்தில் கெட்டது கெட்டதுதான், திரும்பாது. ஜன்னலக்கா மனசின் ஏதோ ஒரு மூலையில், அது திரும்பிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தச்சரின் மனைவி மேஜைக்கு வந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார்.

"நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க," என்றார். "எனக்கு இன்னும் மனசு ஆறல."

"தெரியும்மா."

அந்தம்மா திரும்பி நடைபாதைக் கோடியைப் பார்த்துக் கை காட்டினார். சுவரைப் பிடித்தபடி ஒரு பெரியவர், இரண்டு அடி வைப்பதும் நிற்பதுமாக வந்துகொண்டிருந்தார்.

"எங்க பக்கத்து வீட்டுக்காரர். வேற ஆஸ்பத்திரியில மருந்து வாங்குறாரு. நேத்து போட்டுக் காட்டுங்கன்னு கேட்டேன். அவரும் முழுங்குறாரு."

ஜன்னலக்கா எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தார்.