மகளிர் தினமும் முந்நூறு ரோல்ஸும்

போன ஞாயிறு பூசை முடிந்ததும், இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் தமிழ்க் கோயில் மண்டபத்தில் மகளிர் தினக் கூட்டம். பேச்சாளர்... நான்தான்.

தலைப்பு: 'அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களின் நாவல்களில் துணிந்த பெண்கள்'. பல்கலைக்கழகத்தில் இதைத்தான் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தையே முடித்த முதல் ஆள் நான் — இதை நிமிர்ந்துதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் என்ன படிக்கிறேன் என்று அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. அன்றைக்காவது அவர் கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.

மேடையேறிப் பார்த்தால், முன் வரிசை முழுக்க ஆண்கள். பெண்கள் எங்கே? பின்னால் சமையலறையில். முந்நூறு ரோல்ஸ் பொரிக்க வேண்டாமா?

"தொடங்குங்கோ பிள்ளை" என்றார் தலைவர் அங்கிள்.

"அம்மா ஆக்கள் வரட்டும், அங்கிள்."

"அவையள் வந்தால் ஆர் பொரிக்கிறது?"

மைக்கை வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனேன். எட்டுப் பெண்கள். கிழமை முழுக்க இத்தாலிய சிஞ்ஞோராமாரின், அதாவது எசமானிமாரின், வீடுகளில் சமைத்து, துடைப்பவர்கள்.

"என்ன பிள்ளை, அங்கை பேசேல்லையே?" என்றார் கொதிக்கும் எண்ணெய்த் தாச்சியடியில் நின்ற அம்மா.

"இஞ்சைதான் பேசப்போறன்."

எழுதிய தாளை மடித்துவிட்டுக் கதையாகவே சொன்னேன். கறுப்பினப் பெண் ஒருத்தி வெள்ளைக்கார வீட்டில் சமைப்பாள், அவர்களின் பிள்ளையைத் தாலாட்டுவாள். அங்கே நிறத்துக்காக ஏச்சு. வீட்டுக்கு வந்தால் புருஷனிடம் ஏச்சு. ஒருநாள் 'போதும்' என்பாள்... இரண்டு இடத்திலும்.

"அவவுக்கு ஞாயிறு லீவோ?" பக்கத்து வீட்டு மெர்சி அன்ரி கேட்டார்.

"சில கதையளில அதுவும் இல்லை, அன்ரி."

"எங்களுக்கு இருக்கு. இருந்தும் இஞ்சைதானே நிக்கிறம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அவள் போதும் எண்ட பிறகு, வீட்டில ஆர் சமைச்சது?"

எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்காத கேள்வி.

அம்மா அடுப்பை அணைத்தார். எண்ணெய்க் கரண்டியோடு மண்டபத்துக்கு நடந்தார். நேரே தலைவரிடம்.

"அண்ணை, கிழமை முழுக்க வியா மக்வேதா றோட்டு ரெஸ்டாரண்டில நீங்கள் பொரிக்கிறனீங்கள்தானே? இதையும் ஒருக்காப் பொரியுங்கோ. நான் பிள்ளையின்ர பேச்சைக் கேக்கப்போறன்."

அங்கிள் மெதுவாகக் கோட்டைக் கழற்றினார். முன் வரிசையில் இன்னும் ஏழு பேர் அவருக்குப் பின்னால் சமையலறைக்குப் போனார்கள்.

காலியான முன் வரிசையில் எட்டுப் பெண்களும் உட்கார்ந்தார்கள். முதலிலிருந்து பேசினேன். நடுவில் அம்மா இரண்டு தரம் கொட்டாவி விட்டார்.

விடட்டும்... ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தபடி கொட்டாவி விடுவதும் பெண்ணுரிமைதான்.