ஞாயிற்றுக்கிழமை ஸ்கோர்

அந்தப் பந்து நேராக என் கைக்குத்தான் வந்தது. ஹூஸ்டனில், கூரை போட்ட பெரிய மைதானத்தில், மட்டையின் ஓரத்தில் பட்டு எகிறி வந்த பந்து. பிடித்தேன். பிடித்த வேகத்தில் மைதானத்துக்குள் திருப்பி எறிந்தும் விட்டேன். திருநெல்வேலியில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தெரியும்? பந்து வெளியே வந்தால் திருப்பிக் கொடுப்பதுதானே மரியாதை. பேஸ்பாலில் அது பிடித்தவருக்கே சொந்தமாம். சுற்றியிருந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அப்பா! தட் வாஸ் அவர்ஸ்!" என்று அலறினாள் பக்கத்தில் இருந்த என் மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது. பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், ஹூஸ்டனுக்கு வெளியே கேட்டி என்ற ஊரில் இருந்த எங்கள் வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.

அவள் அம்மாவும் நானும் பிரிந்த பிறகு, தாயும் மகளும் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கும் மகளுக்கும் மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை போனும் எங்கள் ஹூஸ்டன் பேஸ்பால் அணியும்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஸ்கூல் எப்படி இருக்கு என்றால், "ஃபைன்." சாப்பிட்டியா என்றால், "யா." அதோடு சரி. ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் அந்த வாய் ஓயாது.

அதனால்தான் எங்கள் அணி இந்தக் கோடையில் ஆடுகிற லட்சணம் என்னை இந்தப் பாடு படுத்துகிறது. அடிக்கிறவர்கள் பாவம், எப்படியோ அடித்து முன்னிலை வாங்கித் தருகிறார்கள். கடைசி இன்னிங்ஸில் பந்து வீச வருகிற மகராசன் அத்தனையையும் வாரிக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஆளில்லாத வீட்டில் டிவியைப் பார்த்துத் தமிழில் திட்டித் தீர்க்கிறேன். ஜெயித்தால் அரைமணி நேரம் பேசுவாள். தோற்றால், "தே லாஸ்ட் அகெய்ன், அப்பா" என்பதோடு சுருங்கிவிடும். மற்றவர்களுக்கு ஒரு ஆட்டம் போகிறது. எனக்கு என் மகளுடைய பேச்சு போகிறது.

போன வாரம் போனை அவள் அம்மா எடுத்தாள். மகள் குளித்துக்கொண்டிருந்தாளாம். சும்மா இருக்க முடியாமல், "இந்த சீசன் டீம் சரியில்ல, அவளுக்கு மனசே விட்டுப் போயிருக்கும்" என்றேன்.

அவள் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவ பேஸ்பால் பாக்கறத விட்டு ரொம்ப நாளாச்சுங்க. இப்பல்லாம் ஸ்விம்மிங்தான். சண்டே எழுந்ததும் நியூஸ்பேப்பர்ல உங்க டீம் ஸ்கோர மட்டும் தேடிப் படிச்சுக்குவா. அப்பா கேப்பாரேன்னு."

அவள் நீந்துவாள் என்பதே எனக்குத் தெரியாது.

இன்று ஞாயிறு. அணி நேற்றும் தோற்றது. முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை உட்கார்ந்து பார்த்தேன். இன்று காலை போன் பண்ணியதும் நீச்சலைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் அவளே, "டிட் யூ வாட்ச், அப்பா?" என்று ஆரம்பித்தாள்.

"இல்லம்மா, நேத்து ஆபீஸ்ல வேலை. பாக்க முடியல. என்ன ஆச்சு, நீ சொல்லு" என்றேன்.

பேப்பரில் படித்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் ஒரு வீரரின் பெயரை மாற்றிக்கூடச் சொன்னாள். நான் "அப்படியா, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.