அருளையாவின் பேரில் ஒரு நேர்த்தி

அருளையாவுக்கு இத்தாலியின் பலேர்மோ நகரில் ஒரேயொரு எதிரிதான் இருந்தார். அவரும் செத்து இருநூறு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

பெயர் ஹார்டிங். இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புறக் கோயிலில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர். பேச்சு வராத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது பிழை என்று திடீரென மனம் மாறி, பதவியை உதறிவிட்டு வெளியே வந்து, பழைய சபையைத் தாக்கி ஒரு துண்டுப்பிரசுரம் போட்டார். அடுத்த ஊர்க் குருவான வெல்பி அதற்கு மறுப்பு எழுதினார். மறுப்புக்கு மறுமொழி வந்தது. மறுமொழிக்கு ஆராய்ச்சி வந்தது. ஆராய்ச்சிக்குக் கண்டனம் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக் குருமார் சண்டை பிடித்த விதம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், திங்கட்கிழமை அச்சகம். ஒருவரையொருவர் ‘கற்றறிந்த மதிப்புக்குரிய நண்பர்’ என்று அழைத்துக்கொண்டே தோலை உரித்தார்கள்.

இந்தச் சண்டை முழுவதையும் ஒரு புத்தகமாகத் தொகுத்துக்கொண்டிருந்தவர் ஹேதர்லி. ஓய்வுபெற்ற ஆங்கிலிக்கன் குரு. பலேர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் மேல்மாடியில் தனியாக இருந்தார். கண்பார்வை மங்கிக்கொண்டு வந்ததால் அவருக்கு வீடு கூட்டவும் சமைக்கவும் மட்டுமல்ல, உரக்க இங்கிலீஷ் வாசிக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்த அருளையாவுக்கு அந்த வேலை கிடைத்தது. தகப்பன் காலத்திலிருந்தே ஆங்கிலிக்கன் குடும்பம். பலேர்மோத் தமிழரில் சைவர்கள் நிறையப்பேர், கத்தோலிக்கரும் இருந்தார்கள். ஆங்கிலிக்கன் என்று சொல்லிக்கொள்ளக் கைவிரல் எண்ணிக்கைக்குக்கூட ஆட்கள் இல்லை.

“வெள்ளை ஐயர் வீட்டிலையோ வேலை?” என்று அம்பலவாணர் கேட்பார். வியா மக்வேதா வீதியில் ஒரு கட்டிடத்துக்கு வாயிற்காவலராக இருந்த சைவர் அவர். பாதிரியையும் ஐயர் என்பது யாழ்ப்பாண வழக்கு. “ஐயர் எண்டால் பூணூல் இருக்கோணுமே, அருளையா. ஒருக்கால் சேர்ட்டைக் கழட்டிப் பாத்துச் சொல்லும்.”

அருளையா சிரிக்கமாட்டார். ஆனால் மறுநாள் காலை காய்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டு, வெல்பியின் பக்கங்களைக் கையில் எடுத்ததும் ஆள் மாறிவிடுவார். வீதியில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி வாசிப்பார். ஹார்டிங்கின் கேள்வி கூர்மையானது: குழந்தையின் பேரில் ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுக்கிறார்கள், கேட்காத ஒருவனை இன்னொருவர் கொடுத்த வாக்கு எப்படிக் கட்டும்? வெல்பியின் பதில் அருளையாவுக்கு மனப்பாடம். குழந்தையால் பேச முடியாது, ஆகவே அதை நேசிக்கிற ஒருவர் பேசுகிறார். வளர்ந்தபின் அந்த வாக்கை அவன் ஏற்கலாம், உதறலாம். ஆனால் அப்படியொரு வாக்கே இல்லை என்று அவன் சொல்ல முடியாது.

“விட்டார் பாருங்கோ ஒரு அடி!” என்று தன்னை மறந்து தமிழில் சொல்வார். கிழவர் தலையாட்டுவார்.

இது 1996ஆம் ஆண்டின் இளவேனில். முந்தைய ஒக்ரோபர் கடைசியில், ராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெறுமையாகியிருந்தது. அருளையாவின் ஒரே மகன் தனேஸ், பரீட்சையை முடித்துவிட்டு வரட்டும் என்று பெரியப்பா வீட்டில் விடப்பட்டிருந்தவன், அந்தச் சனத்தோடு வெளிக்கிட்டு எங்கோ தவறிப்போனான். பெரியப்பா குடும்பம் சாவகச்சேரிக்கு வந்து சேர்ந்தது. தனேஸ் வரவில்லை. மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை.

அந்த நாட்களில்தான் அருளையாவின் மனைவி இந்திராதேவி நேர்த்திக்கடன் வைத்தார். சைவக் குடும்பத்தில் பிறந்து, கலியாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவர் அவர். பலேர்மோவுக்கு வந்த நாளிலிருந்து பெல்லெக்ரினோ மலையில் குகைக்குள் இருக்கும், நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவிடம் சைவரும் கத்தோலிக்கருமாகத் தமிழ்ச் சனம் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று ஒரு சொல் வந்தால், தாயும் தகப்பனும் வெறுங்காலோடு மலை ஏறுவோம் என்று நேர்ந்தார். கணவரிடம் சொல்லவில்லை.

மே மாதத்தில் சொல் வந்தது. தனேஸ் வன்னியில், கிளிநொச்சியில், வகுப்புத் தோழன் ஒருவனின் குடும்பத்தோடு இருந்தான். தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது முடிந்த பிறகு இந்திராதேவி நேர்த்தியைப் பற்றிச் சொன்னார்.

“என்ர பேரிலை நீர் எப்பிடி நேருவீர்?” என்றார் அருளையா.

“நேர்ந்தாச்சு.”

“புனிதரிட்டை மன்றாடிறது எங்கட சபையிலை இல்லை எண்டு தெரியாதே உமக்கு?”

“தெரியும். பிள்ளை இன்னும் வன்னிக்குள்ளைதான் நிக்கிறான் எண்டும் தெரியும். இதை முடிக்காமல் அவன் இந்தப் பக்கம் வரமாட்டான்.”

அவ்வளவுதான். சமையல் நடந்தது, வேலைக்குப் போய் வந்தார்கள், பேச்சு மட்டும் குறைந்தது. தனியாக ஏறிவிட்டு வரும்படி அருளையா சொன்னார். இரண்டு பேர் என்று நேர்ந்ததை ஒருவர் போய் முடித்தால் அது முடிந்ததாகாது என்றார் இந்திராதேவி. துறைமுகத்தில் கப்பல் கழுவும் வேலை செய்த ஸ்ரனிஸ்லாஸ், யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கத்தோலிக்கர், தெருவில் கண்ட நேரமெல்லாம் பிடித்துக்கொண்டார். “அருளண்ணை, அக்காவைப் பாத்தியளே? மனிசி உருகிப்போகுது. உந்த மலையிலை ஏறினால் உங்கட யேசு கோவிக்கப் போறாரே?”

கேட்டவர்களுக்கெல்லாம் ஒரேயடியாகப் பதில் சொல்வதென்று அருளையா முடிவு செய்தார். எழுத்தில்.

யாழ்ப்பாணத்தாருக்குக் கண்டனம் எழுதுவது புதிதல்ல. ஆனால் அருளையா வெல்பியின் முறையைத்தான் பின்பற்றினார். எதிராளியை மறுக்குமுன், அவனே கையெழுத்துப் போடும் அளவுக்கு அவன் பக்கத்தை நேர்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும். அதில் ஒரு சொல் குறைந்தாலும் மறுப்புக்கு மதிப்பில்லை. ஆகவே ஒரு மாலையில், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவிக்கு முன்னால் பேனையோடு போய் இருந்தார்.

“கற்றறிந்த மதிப்புக்குரிய மனைவியாரே, உம்மட பக்கத்தைச் சொல்லும்.”

“நக்கலோ?”

“இல்லை. நான் எழுதோணும். நீர் ஏன் என்னையும் சேத்து நேர்ந்தனீர்?”

இந்திராதேவி கத்தியை வைத்தார். “தங்கச்சி லண்டனிலை இருந்து ஃபோன் எடுத்தவள். அண்டைக்கு நான் வேலை செய்யிற சினியோரா வீட்டிலை உடுப்பு அயன் பண்ணிக்கொண்டு நிண்டன். பெரியத்தான் ஆக்கள் சாவகச்சேரிக்கு வந்திட்டினம், தனேசைக் காணேல்லை எண்டாள். அயன் பெட்டி கையிலை அப்பிடியே. நீங்கள் சொல்லித் தந்த செபம் ஒண்டும் வாயிலை வரேல்லை. யன்னலுக்குள்ளாலை அந்த மலை தெரிஞ்சுது. நான் வாறன் எண்டு சொல்லத்தான் வெளிக்கிட்டனான். நாங்கள் வாறம் எண்டு வந்திட்டுது. அவன் எனக்கு மட்டும் பிள்ளை இல்லையே.”

அருளையா அதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினார். பிறகு மலை ஏறும் மற்றவர்கள் சொல்வதையும் சேர்த்தார். இருபுறமும் நிறைந்த ஒரு தாள். தலைப்பு, ‘நேர்ந்தவர்கள் சொல்வது’. அடுத்த தாள் ‘மறுமொழி’. அதில் வேதவசனங்களும், ஆதிச் சபைப் பிதாக்களும், இங்கிலாந்துக் குருமார் அரை டசினும் வரிசையாக நின்றார்கள்.

பிரதி எடுக்கும் வேலையை ஸ்ரனிஸ்லாஸ் கேட்டு வாங்கினார். வியா மக்வேதாவில் போட்டோகொப்பிக் கடையில் வரிசையில் நின்றபடியே முதல் தாளை வாசித்தார். கண் கலங்கிவிட்டது. இரண்டாவது தாளைப் பார்த்தார். வெள்ளைக்காரப் பெயர்கள், வேதாகம அதிகார எண்கள். அருளண்ணை மனம் மாறிவிட்டார், இது வெள்ளை ஐயருக்கான கணக்குவழக்கு என்று நினைத்து அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். முதல் தாளை மட்டும் பிரதி எடுத்து, ஞாயிறு காலை மலையடிவாரத்தில் ஏறுகிறவர்களின் கைகளில் எல்லாம் கொடுத்தார்.

அன்று பின்னேரம் துறைமுகப் பக்கம் போன அருளையாவின் கையை ஆட்கள் வந்து பிடித்தார்கள். முன்பின் தெரியாத மொரீசியஸ் பெண் ஒருத்தி, யாரோ வாசித்து விளங்கப்படுத்தியிருக்க வேண்டும், பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கும்பிட்டாள். அம்பலவாணர் தாளை விரித்துக்கொண்டு ஒரு சிமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“அருளையா, இஞ்சை வாரும். உம்மட பரபக்கம் பிரமாதம். எதிராளியின்ர கட்சியை இப்பிடிச் சொல்ல இப்ப ஆர் இருக்கினம்? அதுசரி, சுபக்கம் எங்கை? உம்மட கட்சியைக் காணேல்லையே!”

அருளையா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஸ்ரனிஸ்லாஸ்!”

“என்னண்ணை?” ஸ்ரனிஸ்லாஸின் முகத்தில் பெருமை வழிந்தது. “தாள் போதாமல் போச்செண்டு திருப்பியும் போய் அடிச்சுக்கொண்டு வந்தனான்.”

“மற்றத் தாள்?”

“அது வெள்ளை ஐயற்றை எண்டெல்லோ...” சட்டைப்பையிலிருந்து வியர்வையில் நனைந்த தாள் வந்தது.

கூட்டம் சிரித்தது. அருளையா அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இந்திராதேவியின் மடியில் முதல் தாள் கிடந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அயன் பெட்டியும் யன்னலும் தன் வாயில் வந்த அதே சொற்களில் அச்சடித்ததுபோல இருந்ததை அவர் பலமுறை வாசித்திருக்க வேண்டும்.

“இதுக்கு மறுமொழி எழுதினனீங்கள்தானே. தாங்கோ.”

இந்திராதேவி நிதானமாக வாசித்தார். முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கன வெள்ளைக்காரர் இதிலை வருகினம். நான்தான் வரேல்லை.”

திங்கட்கிழமை காலை அருளையா தன் மறுமொழியை இங்கிலீஷில் சொல்லிக் கிழவருக்கு வாசித்துக் காட்டினார். ஒருவரின் பேரில் இன்னொருவர் கொடுக்கும் வாக்குச் செல்லாது. மனச்சாட்சிக்குப் பிரதிநிதி கிடையாது. கேளாதவனைக் கட்டும் வாக்கு, வாக்கே அல்ல. ஒரு பாராட்டையாவது எதிர்பார்த்தார்.

ஹேதர்லி தன் கைத்தடியின் பிடியைத் தடவினார். “உறுதியான வாதம், அருள். ஹார்டிங்கூட இதை இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.”

பெரியவர் கேலி செய்யவில்லை. அதுதான் அருளையாவைத் தாக்கியது. வெல்பியின் கட்டு முன்னால் கிடந்தது. அன்று வாசிக்க வேண்டிய பக்கத்தை எடுத்தார், இரண்டு வரி வாசித்து நிறுத்தினார். தனேஸின் ஞானஸ்நானம் நினைவுக்கு வந்தது. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்க, ஞானத் தகப்பனும் ஞானத் தாயும் அவன் பேரில் பதில் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற தகப்பன், இந்த வாக்கு இவனைக் கட்டுமா என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. கட்டும் என்றுதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேச முடியாத நேரத்தில் நேசிக்கிற ஒருவர் பேசுவார் என்பதை இத்தனை மாதமாக வீதிக்குக் கேட்க வாசித்தவரும் அவர்தான். ஒக்ரோபரில் அவர் என்ன பேசினார்? ஒன்றுமில்லை. மகன் காணாமல் போன அந்த வாரம் முழுவதும் ஆராய்ச்சிக்கு எழுதப்பட்ட கண்டனத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

புனிதரிடம் மன்றாட அவரால் முடியாது. அது அப்படியே இருந்தது. ஆனால் அப்படியொரு வாக்கே இல்லை என்று இனிச் சொல்லவும் முடியாது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினார். “ஞாயிறு எத்தினை மணிக்கு வெளிக்கிடிறது?”

இந்திராதேவி திரும்பிப் பார்க்கவில்லை. “விடிய. வெயிலுக்கு முன்னம்.”

ஆனால் விடியப் புறப்பட்டும் வெயிலை வெல்ல முடியவில்லை. ஆனி மாதம். பழைய பாதையின் கற்கள் உருண்டையாகத் தேய்ந்து, இடையிடையே கூர்க்கற்களோடு கிடந்தன. சப்பாத்துக்குப் பழகிய அருளையாவின் பாதம் முதல் வளைவிலேயே சிவந்துவிட்டது. பின்னால் வந்த ஸ்ரனிஸ்லாஸ் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். “குடியுங்கோ அண்ணை. இதுக்கும் ஒரு மறுமொழி எழுதிப்போடாதேங்கோ.” அருளையா குடித்தார். கீழே கடலும் துறைமுகத்துக் கப்பல்களும் வெளிறிக் கிடந்தன. இந்திராதேவி ஒருமுறையும் நிற்கவில்லை.

குகை வாசலில் அருளையா நின்றார். உள்ளே மெழுகுதிரிகளும், பாறையிலிருந்து ஒழுகும் நீரைத் தாங்கும் தகரப் பீலிகளும் தெரிந்தன. எதையோ சொல்ல வாயெடுத்தார்.

“மலை ஏறுவம் எண்டுதான் நேர்ந்தனான்” என்றார் இந்திராதேவி. “உள்ளுக்கு வருவம் எண்டு நேரேல்லை.”

“அப்பிடியோ?”

“ஓம். நீங்கள் இதிலை நில்லுங்கோ.”

அவர் போனார். அருளையா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். தன் சபை சொல்லித் தந்த செபத்தை, தன் ஆண்டவருக்கு, தமிழில் சொன்னார். அதில் மகனின் பெயரைச் சேர்த்தார். பெயர் வந்த இடத்தில் தொடர முடியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். உள்ளே போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இந்திராதேவி வெளியே வந்தபோது தலைமயிரில் குகையின் ஈரம் இருந்தது. கணவரின் பாதத்தைப் பார்த்தார். இடது குதிகால் வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது.

“இறங்கிறதும் வெறுங்காலோடையோ?” என்று கேட்டார் அருளையா.

“ஏறிறது மட்டும்தான் நேர்த்தி.” பிறகு அவருக்கே நினைவு வந்தது. “செருப்பை நான் கொண்டரேல்லையே!”

பல மாதங்களில் முதல் தடவையாக இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். மலைக்கு வளைந்து வரும் தார்வீதி அந்நேரத்துக்குக் கொதித்துக்கொண்டிருந்ததால், ஏறிவந்த கற்பாதையிலேயே இறங்கத் தொடங்கினார்கள். தனேஸ் அப்போதும் கிளிநொச்சியில்தான் இருந்தான். அருளையா மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கல்லைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார்.