உகண்டாவில் ஒரு புள்ளி

மூச்சை அடக்கிக்கொண்டுதான் புஸ்பவதி பெட்டியைத் திறப்பார். உள்ளே, ஊசிகளில் ஒட்டிய உலர்ந்த ஆப்பிரிக்க எறும்புகள். பக்கத்தில் தும்மினாலே கால் உதிர்ந்துவிடும். ஒவ்வொன்றின் கீழும் அது பிடிபட்ட ஊர் எழுதிய துண்டுக் கடதாசி.

முல்லைத்தீவிலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்தவருக்கு வயது ஐம்பத்திரண்டு. மக்வேதா தெருவில், ஓய்வுபெற்ற எறும்பு ஆய்வாளர் சிஞ்ஞோரா (திருமதி) அகத்தாவின் வீட்டில் சமையலும் துப்புரவும். சிஞ்ஞோராவின் கை நடுங்கத் தொடங்கியபின், உதிர்ந்த எறும்புகளை ஒட்டுவதும் இவர்தான்.

"ஒருத்தரும் வேலை தராத நேரம் கூப்பிட்டு வைச்சிருந்த மனுசி. எனக்கு எறும்புதான் சோறு போடுது" என்று சிரிப்பார். முழுக்கக் கறுத்த எறும்பு அவருக்குச் 'சித்தப்பா'. இடுப்புச் சிவந்தது 'மாப்பிள்ளை'.

அந்த மாப்பிள்ளை, அதிகம் பேர் அறியாத ஒரு துணையினம். கமரூனில் மட்டுமே உண்டு என்று புத்தகங்கள் சொல்லின. உகண்டாவிலும் உண்டா என்பது சிஞ்ஞோராவின் இருபது வருடத் தேடல். சென்ற மாதம் வந்த பழைய பெட்டியொன்றில், உகண்டாத் துண்டுக்கு மேலே சிவந்த இடுப்பைக் கண்டதும் சிஞ்ஞோரா கத்தியே விட்டார். அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையின் வரைபடத்தில், உகண்டாவில் ஒரு புள்ளி வைத்தார். "புஸ்பா, ஓடிப்போய் இனிப்பு, கன்னோலி வாங்கி வா!"

புஸ்பவதி காசை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். முன்பு அந்தப் பெட்டியை அவர் துடைத்தபோது இரண்டு எறும்புகள் உதிர்ந்திருந்தன. ஒன்று கமரூன், மற்றது உகண்டா. இரண்டையும் ஒரே போத்தல் மூடியில் எடுத்து வைத்தார். பிறகு எது எந்த ஊர் என்று தெரியாமலே ஒட்டிவிட்டார்.

கபோ சந்தையில் எதிர்ப்பட்ட சிநேகிதி விமலராணியிடம் சொல்லி அழுதார்.

"உனக்கென்ன விசரே? வாயை மூடிக்கொண்டு இரு. எறும்பு எழும்பி வந்து சாட்சி சொல்லப்போகுதே?"

"சொல்லாதுதான். ஆனா அந்த மனுசி என்னை நம்பியெல்லோ அச்சடிக்கக் குடுக்கப்போகுது."

இனிப்புப் பொதியை மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார். தமிழும் இத்தாலியனும் முட்டி மோதின. "ரெண்டும் விழுந்து தனிச்சுக் கிடந்துது, சிஞ்ஞோரா. இடம்பெயர்ந்து திரிஞ்ச ஆள் நான். பிரிச்சு வைக்க மனம் வரேல்லை. மாறி ஒட்டிப்போட்டனோ தெரியேல்லை. வேலைக்கு வரவேண்டாமெண்டா, போறன்."

சிஞ்ஞோரா வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பென்சிலை எடுத்து, உகண்டாப் புள்ளியின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். எறும்பு ஒட்டுகிற இடுக்கியை எடுத்துப் புஸ்பவதியிடம் நீட்டினார்.

"நீ சொல்லாவிட்டால் நான் ஒரு பொய்யை அச்சடித்திருப்பேன். நன்றி, புஸ்பா. மற்றப் பெட்டியில் மூன்று உதிர்ந்து கிடக்கின்றன. இந்த முறை மூன்று மூடி."

புஸ்பவதி இடுக்கியை வாங்கினார். கூர்முனையைக் கவனமாக மறுபக்கம் திருப்பி, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.