கேரவன் சுவரில் கேட்டது

அம்மாவின் தம்பி, என் மாமா, ராஸ் அல் கைமாவில் மலையடிவாரத்து யார்டு ஒன்றில் வாட்ச்மேனாக இருந்தார். கல் உடைக்கும் பழைய இயந்திரங்களைக் கொண்டுவந்து போட்டுவைக்கும் இடம் அது. அந்த இரும்பு மலையை எந்தத் திருடன் தோளில் சுமந்துகொண்டு போகப்போகிறான் என்று அப்பா கேலி செய்வார். மாமா தங்குவதற்குக் கம்பெனி கொடுத்திருந்தது அறை அல்ல, சக்கரம் வைத்த ஒரு கேரவன். யாரோ ஓர் அரபிக் குடும்பம் குளிர்காலத்தில் பாலைவனத்துக்கு இழுத்துப்போய்த் தங்கி, அலுத்துப்போய் விற்றது. எனக்கு அப்போது ஒன்பது வயது. டவுனில் இரண்டாம் மாடி ஃபிளாட்டில் வளர்ந்த எனக்கு, உலகத்திலேயே கொடுத்து வைத்தவர் மாமாதான்.

ஒரு நாள் கல் அள்ளும் ஷவல் வண்டி ஓட்டுபவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேரவனை இடித்துவிட்டார். ஜன்னலுக்குக் கீழே தொடங்கி சக்கரம்வரை ஃபைபர் வெளிச்சுவரில் விரிசல் ஓடியது. அதற்குப் பிறகு மாமாவுக்கு போனில் ஒரே பேச்சுதான். பட்டப்பகலில் யாரோ சுவரைத் தட்டுகிறார்களாம். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று. வெளியே போய்ப் பார்த்தால் ஆள் இல்லையாம். அந்த யார்டுக்கு வந்துபோகும் மனிதர்களே நாலைந்து பேர்தான். அவர்களும் ஹிந்தியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா நர்ஸ். இல்லாத சத்தம் ஒருவருக்குக் கேட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சுவரைச் சரிசெய்த பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் தம்பியை ஊருக்கு அனுப்பி வைத்தியம் பார்க்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாள்.

அப்பா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் படகு யார்டில் ஃபைபர் வேலை பார்ப்பவர். குளச்சலில் வள்ளங்களுக்கு ஒட்டுப்போட்டுப் பழகிய கை. அடிபட்ட ஃபைபர் பிரிந்து நிற்கும், காற்றடித்தால் தட்டும், இதற்குப் போய் டாக்டரா என்றார். அம்மாவுக்கு டியூட்டி இருந்த ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

ஃபைபர் எதுவரை பிரிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அப்பா வைத்திருந்த கருவி ஒரு திர்ஹம் நாணயம். வெளியே நின்று அதனால் சுவரைத் தட்டிக்கொண்டே வருவார். நல்ல இடத்தில் ‘டிக்’ என்று கேட்கும், பிரிந்த இடத்தில் ‘டொப்’ என்று கேட்கும். டொப் கேட்கும் இடத்தில் உள்பக்கம் பென்சிலால் புள்ளி வைப்பது என் வேலை. மாமா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். நாங்கள் கொண்டுபோன மீன்குழம்பின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

கீழ்மூலையில் மூன்று தட்டு கேட்டது. புள்ளி வைத்தேன். மறுபடி மூன்று. வைத்தேன். மூன்றாவது முறையும் அதே இடத்தில் கேட்டதும், அப்பா ஏன் நகரவில்லை என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அவர் தூரத்தில் காரின் டிக்கியைத் திறந்து ரெசின் பசை டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தார்.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒனக்கும் கேக்குதா மக்ளே?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். ஆனால் சிரித்தார். பிறகு சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

அப்பா விரிசலின் இரண்டு முனையிலும் சிறு துளை போட்டார். அப்போதுதான் அது மேற்கொண்டு ஓடாதாம். சுற்றிலும் ராவி, கண்ணாடி நார்ப்பாயை வைத்து, ரெசினை உருளையால் தேய்த்தார். கீழ்மூலையை மட்டும் கொஞ்சம் திறந்து விடும்படி மாமா வந்து கேட்டார். மழை பெய்தால் தண்ணீர் இறங்கும் என்று சொல்லி அப்பா அதையும் அடைத்தார். வெயிலில் அது இறுகியதும் நாணயத்தால் சுவர் முழுக்கத் தட்டிக் காட்டினார். எங்கே தட்டினாலும் டிக். அப்பாவுக்கு ஏகப் பெருமை.

மாமா மெதுவாகச் சொன்னார். “உள்ள வச்சு அடச்சிட்டியளே அத்தான்.”

யாரை என்று அப்பா கேட்கவில்லை. கையிலிருந்த நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டார். மாமா என்னைக் காட்டி, வேண்டுமானால் பிள்ளையிடம் கேளுங்கள், அவளுக்கும் கேட்டது என்றார். அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, நிஜமாகவே கேட்டதா என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எந்தப் பதில் வேண்டும் என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

“இல்ல” என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, புதிதாக ஒட்டிய சுவருக்குள்ளிருந்து, என் தோள் உயரத்தில், மூன்று தட்டு கேட்டது. அப்பாவிடம் ஒரு சலனமும் இல்லை. மாமா சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பிலிருந்த மணலை உதறினேன்.

பத்து நாளில் அம்மா மாமாவுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். ஏர்போர்ட்டில் அவள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா என் பக்கம் குனிந்தார்.

“அன்னைக்கு மாமாவுக்காவத்தான ஆமான்னு தலையாட்டுன?”

குரலில் கோபம் இல்லை. அப்பா பக்கத்திலேயே நின்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். மாமா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

நாகர்கோவில் டாக்டரிடம் அவரே சொன்னாராம், அந்தச் சத்தம் தனக்கு மட்டும்தான் கேட்டது, பாவம் சின்னப் பிள்ளை தன்னைத் தேற்றப் பொய் சொன்னது என்று. பல வருஷம் மாத்திரை சாப்பிட்டார். ஏர்போர்ட்டிலிருந்து திரும்பும் வழியிலோ, அப்பாவிடம் நான் பொய் சொன்னதை மாமா காட்டிக்கொடுக்கவில்லை என்ற நிம்மதியில் நான் பின்சீட்டில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு வந்தேன். அவரை நோயாளியாக்கி விமானம் ஏற்றியது அம்மா அல்ல, நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.