அண்டா கழுவிய தண்ணீரும் வாண்டில் ஆற்று மீன்களும்

மே மாதத்து ஞாயிறு, காலை ஒன்பது மணி. குட்மேய்ஸில் ரயில் ஏறி, மூர்கேட்டில் நார்தர்ன் லைனுக்கு மாறி, காலியர்ஸ் வுட்டில் இறங்கினேன். ஏறத்தாழ ஒன்றேகால் மணிப் பயணம். லண்டனுக்கு வருகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள். என் தோழி ஜெசிந்தா என்னை ஒரு வாய்க்காலைப் பார்க்க அழைத்திருந்தாள். தூத்துக்குடியில் கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது சப்பென்றுதான் இருந்தது.

ஜெசிந்தா மன்னார்க்காரி. மருந்துக்கடையில் வேலை, லீவு நாளில் இந்த வாண்டில் ஆற்றைத் துப்புரவு செய்கிறவர்களோடு முழங்கால் தண்ணீரில் நிற்பாள். பாலத்தில் நின்று கீழே காட்டினாள். சாண் நீளத்தில் கடல் டிரவுட் குஞ்சுகள், சால்மனுக்கு நெருங்கிய சொந்தம். உடம்பு வெள்ளியாகிவிட்டது, கடலுக்குப் புறப்படும் பருவம். வண்டிகளின் பிரேக் தூளிலிருந்து ஆற்றில் கலக்கும் செம்பு அவற்றின் மோப்பத்தை மழுக்கிவிடுமாம். எதிரியும் தெரியாது, திரும்பிவர வழியும் தெரியாது. பிளீச் பட்டால் செவுளே வெந்துபோகும்.

"இண்டைக்கு மழை பெய்தா இதுகள் கடலுக்கு வெளிக்கிட்டிடுங்கள். அதுவரைக்கும் ஆத்தில ஒண்டும் விழாமல் இருக்கோணும்," என்றாள். இந்தக் குஞ்சுகள் பிழைக்க அவள் குளிரில் விறைத்த நாட்களை எனக்குத் தெரியும்.

நண்பகலில் பக்கத்து மண்டபத்தில் ஜெசிந்தாவின் தேவாலயப் பங்குத் திருநாள் விருந்து. ஆட்டிறைச்சிக் கறி பிரமாதம்; வெட்கமில்லாமல் இரண்டு தட்டு சாப்பிட்டேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது, சமையலுக்குப் பொறுப்பான சூசை அண்ணை எண்ணெய் படிந்த அண்டாக்களை முற்றத்துக்கு இழுத்து, தண்ணீரும் பிளீச்சும் ஊற்றித் தேய்க்கத் தொடங்கினார். ஊரில் பெரிய அண்டாவை வெளியில் வைத்துத்தானே கழுவுவோம். முற்றத்து வடிகாலில் கவிழ்க்கப் போகும் நேரத்தில் ஜெசிந்தா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"அண்ணை, ஊத்தாதேங்கோ. இது மழைத்தண்ணி போற குழாய். நேரா ஆத்துக்குள்ளதான் விழும்."

சூசை அண்ணைக்குக் கோபம். வருஷக்கணக்காக இங்கேதான் கழுவுகிறோம், எல்லாம் ஒரே சாக்கடைதானே என்றார். அவள் வாதாடவில்லை, பாலம் வரை வரச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே போனவர் கீழே குனிந்து அந்த வெள்ளிக் குஞ்சுகளைப் பார்த்தார். வந்த வேகத்தில் திரும்பி, எல்லோரையும் வாளி கொண்டுவரச் சொன்னார்.

அண்டா சமையலறைக் கதவுக்குள் நுழையவில்லை. அதனால் வரிசையாக நின்று வாளி வாளியாக மொண்டு, உள்ளே, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் கழிவுநீர்க் குழாய்த் தொட்டியில் ஊற்றினோம். ஃபாதர் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றார். கடைசி வாளி உள்ளே போனபோது முதல் துளிகள் விழுந்தன. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

மழையோடு எல்லோரும் பாலத்துக்கு ஓடினோம். தூத்துக்குடியில் என் வீட்டில் பாத்திரம் கழுவும் அங்கணத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நினைப்பு சுருக்கென்று குத்தியது. கீழே நீர் கலங்கி உயர, குஞ்சுகள் நீரோட்டத்தை எதிர்த்துப் பார்த்தபடியே, வால் முன்னே, தலை பின்னே, ஒன்றையடுத்து ஒன்றாகத் தேம்ஸ் நதியை நோக்கி நழுவின. ஜெசிந்தா அழுதுகொண்டே சிரித்தாள். நனைந்த கைகளைத் தட்டினோம்.

சூசை அண்ணை மட்டும் கைதட்டவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பிள்ளைகளை வழியனுப்புகிற குரலில், "போயிட்டு வாங்கோ," என்றார்.